பங்க் வந்தபோது பக்கத்தில் வீடே இல்லை

திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் ஒதுங்க நம் சாலைகளில் இரண்டே இடங்கள்தான். ஒன்று மேம்பாலத்தின் அடி, இன்னொன்று பெட்ரோல் பங்க்கின் கூரை. பங்க்கில் வெளிச்சம் இருக்கும், தரை கொஞ்சம் மேடாக இருக்கும், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வளரும் நகரங்களில் நடந்த பங்க் விபத்துகளை எடுத்துப் பார்த்தால், மழையும் அந்தக் கூரையும் திரும்பத் திரும்ப வருகின்றன.

2015 ஜூன் 3. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் பேய்மழை. குவாமே நிக்ருமா சர்க்கிள் என்ற நெரிசலான சந்திப்பில் வெள்ளம் ஏற ஏற, மக்கள் அருகிலிருந்த பங்க்கில் ஒதுங்கினார்கள். கசிந்த எரிபொருள் வெள்ளத்தின் மேல் படலமாக மிதந்தது. எங்கிருந்தோ ஒரு நெருப்பு பட்டது. தண்ணீரின் மேலேயே தீ பரவி 150-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 

2023 செப்டம்பர் 29. சென்னை சைதாப்பேட்டை. மாலையில் பலத்த மழை, காற்று. பங்க்கின் கூரை அப்படியே சரிந்து, கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 

2024 மே 13. மும்பை காட்கோபர். புழுதிப் புயலோடு மழை. வாகனங்களோடு மக்கள் பங்க்கில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை பங்க்கின் மீது சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்த நகரத்தில் மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. இதில் இன்னொரு கொடுமை உண்டு. இரும்புச் சட்டங்களை வெட்டி எடுத்தால்தான் அடியில் சிக்கியவர்களை மீட்க முடியும். கீழே பெட்ரோல் தொட்டிகள் இருந்ததால் தீப்பொறி பறக்கும் வெட்டும் கருவிகளை உடனே பயன்படுத்த முடியவில்லை. பெட்ரோல் அங்கே யாரையும் எரிக்கவில்லை, ஆனால் மீட்பைத் தாமதப்படுத்தியது.

மூன்றில் இரண்டில் ஆட்களைக் கொன்றது தீ இல்லை. பங்க் பாதுகாப்பு என்றதும் நம் மனதில் வருவது தீயும், சிகரெட் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையும்தான். சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் யோசிக்கிறது. தொட்டி, குழாய், இயந்திரம், தீயணைப்பான், மணல் வாளி என்று வேலிக்குள் இருப்பதை எல்லாம் நுணுக்கமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வேலிக்கு வெளியே நகரம் செய்வதுதான் அந்தக் கணக்கில் இல்லை.

ஆவிதான் எரிகிறது

பெட்ரோலின் குணத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவியை விடத் தொடங்கிவிடும். சென்னை, மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். டீசல் வேறு ரகம். அது பற்றுவதற்கு 35 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும் என்பது இங்கே விற்கும் டீசலுக்கான தரம். அதனால்தான் விதிகளில் பெட்ரோல் 'ஏ' வகுப்பு, டீசல் 'பி' வகுப்பு.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாகத் தவழும். பள்ளம் கண்டால் இறங்கும், மழைநீர்க் கால்வாய், கேபிள் குழி, பக்கத்துக் கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தம் என்று தேடிப் போகும். காற்றில் அதன் அளவு சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் பற்றும். அதைவிடக் குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது.

இந்த 'மிகுந்தாலும் பற்றாது' என்பதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பூமிக்கடியில் இருக்கும் பெட்ரோல் தொட்டிக்குள் ஆவி அடர்த்தியாக நிறைந்திருக்கும். எரிய வேண்டிய காற்று அங்கே இல்லை. அதனால் சினிமாவில் காட்டுகிற மாதிரி நிலத்தடித் தொட்டி வெடித்துச் சிதறுவது நிஜத்தில் மிக அரிது. ஆபத்து இருப்பது வாய்களில். வண்டிக்குப் போடும் நாசில், லோடு இறக்கும் நிரப்பு வாய், ஆவி வெளியேற உயரமாக நிறுத்தியிருக்கும் வென்ட் குழாய், இந்த மூன்று இடங்களில்தான் ஆவியும் காற்றும் பற்றக்கூடிய விகிதத்தில் சந்திக்கின்றன. தூரத்தை அளக்கும் விதிகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் அளக்கச் சொல்கின்றன.

ஆவி எவ்வளவு தூரம் தவழும் என்பதற்கு ஜெய்ப்பூர் சாட்சி. 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுரா பகுதியில் இருந்த எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் பீறிட்டது. அடைக்க ஆளில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பெட்ரோலின் ஆவி கிடங்கு முழுவதும் மேகம்போல் பரவி, எங்கோ ஒரு பொறியில் மொத்தமாக வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், தீ அணைய 11 நாட்கள் ஆயின. அது கிடங்கு, பங்க்கில் அவ்வளவு எரிபொருள் கிடையாது என்பது உண்மை. ஆனால் கிடங்கைச் சுற்றிப் பெரிய மதில் இருந்தது. பங்க்கைச் சுற்றி இருப்பது டீக்கடை அடுப்பு.

லோடு இறக்கும் நேரம்

ஒரு பங்க்கின் அன்றாடத்தில் மிக ஆபத்தான நேரம் எது என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால் லோடு இறக்கும் நேரத்தைத்தான் சொல்வார்கள். 12,000 லிட்டரோ 20,000 லிட்டரோ கொண்ட டேங்கர் வந்து நிற்கும். இன்ஜினை அணைத்து, எர்த் கிளிப் மாட்டி, நிலைமின்சாரம் இறங்கச் சற்றுக் காத்திருந்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, டிப் அளந்து (தொட்டிக்குள் கோல் விட்டு எண்ணெய் மட்டம் பார்த்து), அப்புறம்தான் குழாயை இணைக்க வேண்டும். வண்டியின் முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் பின்னால் எடுக்காமல் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

12,000 லிட்டர் பெட்ரோல் தொட்டிக்குள் இறங்கினால், அதுவரை அங்கே இருந்த 12,000 லிட்டர் ஆவி வெளியே வந்தாக வேண்டும். ஆவி மீட்பு அமைப்பு இருந்தால் இன்னொரு குழாய் வழியாக அது டேங்கருக்கே திரும்பிப் போகும். இல்லையென்றால் வென்ட் குழாய் வழியாகத் தெருவுக்கு வரும். காற்று அடிக்கும் நாளில் கலைந்துவிடும். காற்றில்லாத இரவில், நாற்புறமும் மாடிக் கட்டடங்கள் நிற்கும் மூலையில், அது கீழே இறங்கித் தங்கும்.

இந்த வழிமுறைகள் எல்லாம் விசாலமான மனையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நகரம் நெருக்கிய பிறகு என்ன ஆகிறது? பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் கட்டுப்பாடு, அதனால் டேங்கர் இரவிலோ விடியலிலோ வருகிறது, இரண்டு ஊழியர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில். வாசலில் ஆட்டோக்கள் நிற்கின்றன, வண்டியின் முகம் மதிலைப் பார்க்கிறது. விற்பனையையும் நிறுத்த மனம் வருவதில்லை. விதியை யாரும் வேண்டுமென்றே மீறுவதாகச் சொல்லவில்லை. விதி கேட்கும் இடம் மனையில் இல்லை, அவ்வளவுதான்.

2017 அக்டோபர் 7 இரவு, அதே அக்ராவில், பல்கலைக்கழகத்துக்கு அருகே அட்டாமிக் ஜங்ஷன் என்ற இடத்தில் நடந்தது இதுதான். ஓர் எரிவாயு நிலையத்தில் டேங்கரிலிருந்து சமையல் எரிவாயுவை இறக்கிக்கொண்டிருந்தபோது கசிந்து பற்றியது. தீ அருகிலிருந்த ஒரு பெட்ரோல் பங்க்குக்கும் தாவியது. 7 பேர் இறந்தார்கள், 132 பேர் காயமடைந்தார்கள். கானாவில் நம் ஊர் மாதிரி நிரப்பிய சிலிண்டர் வீட்டுக்கு வராது. காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் எரிவாயு நிலையத்தில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வீடுகள் பெருகப் பெருக நிரப்பும் நிலையங்களும் வீடுகளுக்கு நடுவே முளைத்தன. இந்த விபத்துக்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே நிரப்பி, ஊருக்குள் சிலிண்டரை மாற்றிக் கொடுக்கும் முறைக்கு மாறுவதென்று அரசு முடிவெடுத்தது. நாம் பல காலமாகச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு அது. சிலிண்டர் வண்டி தாமதமானால் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

50 மீட்டரின் கதை

இந்தியாவில் பங்க்குகள் எவ்வளவு வேகமாகப் பெருகின என்பதற்கு ஒரு விளம்பரமே போதும். 2018 நவம்பரில் அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து புதிய பங்க்குகளுக்கு விண்ணப்பம் கேட்டன. அப்போது தேர்தல் நடந்த மாநிலங்களுக்கான மீதிப் பட்டியலும் பின்னர் வந்தபோது மொத்தம் 78,493 இடங்கள். 2015-இல் சுமார் 50,000 பங்க்குகள் இருந்த நாட்டில் 2025 இறுதிக்குள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்த இடம்.

இந்தப் பெருக்கத்துக்கு நடுவே, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவையொட்டி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புதிய பங்க்கின் நிரப்பு வாய், இயந்திரம், வென்ட் குழாய் இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள் பள்ளி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி இருக்கக் கூடாது. அவ்வளவு இடம் இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்கின் மேலே போகக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படிக்க வேண்டிய விதி. 'புதிய' பங்க் என்கிறது. அதாவது 2020-க்கு முன்பே நின்றுகொண்டிருந்த பல்லாயிரம் பங்க்குகளை இது தொடாது, ஊர் நெரிசலில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். '10 படுக்கை' என்கிறது. தெருமுனையில் எட்டுப் படுக்கையோடு நடக்கும் சிறிய நர்சிங் ஹோம் கணக்கில் வராது, அங்கே படுத்திருப்பவராலும் எழுந்து ஓட முடியாது என்றாலும். 'உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்புப் பகுதி' என்கிறது. நம் ஊர்ப் பிரதான சாலைகளின் இரு பக்கமும் வரைபடத்தில் பெரும்பாலும் வணிகப் பகுதி அல்லது கலப்புப் பகுதி. கீழே கடை, மேலே மூன்று மாடி வீடுகள் என்று நாம் வாழ்வது வரைபடத்தின் வண்ணத்தை மாற்றாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, விதி ஒரு பக்கம் மட்டுமே பார்ப்பது. பங்க் வீட்டருகே வரக் கூடாது என்கிறது. வீடு பங்க்கருகே வந்தால்? அந்த நெறிமுறை அதைப் பற்றிப் பேசவே இல்லை, பேசவும் முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை அது இல்லை. வீட்டுக்கு அனுமதி தருவது உள்ளாட்சியும் நகரமைப்புத் துறையும். பங்க்குக்கு உரிமம் தருவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். பங்க்காரர்கள் வாயில் 'பெசோ'. இதன் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

நெடுஞ்சாலையோரம் ஊர் வளரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையோ பழைய மகாபலிபுரம் சாலையோ கோவையின் அவிநாசி சாலையோ, எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். முதலில் வயல் நடுவே சாலை. சாலையோரம் ஒரு பங்க். லாரிகள் நின்றதால் ஒரு டீக்கடை, பஞ்சர் கடை. கொஞ்ச நாளில் மனை விற்பனை. 'பங்க்குக்கு மிக அருகில்' என்பதையே வசதியாகப் போட்டு விளம்பரம். அப்புறம் அடுக்குமாடி, மழலையர் பள்ளி, திருமண மண்டபம். பங்க்காரரைப் போய்க் கேட்டால், 'நான் வந்தபோது இங்கே ஒரு வீடுகூட இல்லை' என்பார். அது பொய்யில்லை. குடியிருப்பவர்களைக் கேட்டால், 'முறையாக அனுமதி வாங்கித்தான் கட்டினோம்' என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

நெதர்லாந்தில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே வாகனங்களுக்கு எல்பிஜி விற்கும் நிலையங்களைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை உண்டு. 2004-இல் நடைமுறைக்கு வந்த ஆணையிலிருந்து அந்த எல்லை நிலையத்தை மட்டுமல்லாமல் நகராட்சியையும் கட்டுப்படுத்தும். எல்லைக்குள் புதிதாக வீடோ பள்ளியோ வருகிற மாதிரி நகராட்சி திட்டம் போட முடியாது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் 20 ஆண்டுகளில் ஒரு தெருவின் அமைப்பையே மாற்றிவிடும்.

சாலை உயர்ந்தால் பங்க் பள்ளமாகும்

அக்ராவில் நடந்ததைப் படிக்கும்போது சென்னைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கினால் ஆச்சரியமில்லை. பங்க் கட்டும்போது சாலையைவிட மேடாகத்தான் கட்டுவார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுத் தார் போட்டால் சில ஆண்டுகளில் சாலை மேடாகிறது, பங்க் பள்ளமாகிறது. பக்கத்து மனைக்காரர் இரண்டடி மண் கொட்டி உயர்த்துகிறார். அந்த வழியே போன மழைநீர் இப்போது பங்க்குக்குள் வருகிறது.

வெள்ளம் வந்தால் தொட்டிக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 20,000 லிட்டர் கொள்ளும் தொட்டி, தண்ணீர் ஊறிய மண்ணுக்குள் இருக்கும்போது, சுமார் 20 டன் விசையோடு மேலே தள்ளப்படும். காலியான இரும்புத் தொட்டியின் எடை அதில் ஒரு சிறு பகுதிதான். தொட்டி நிறைந்திருந்தால் கவலையில்லை, மேலே இருக்கும் மண்ணும் கான்கிரீட்டும் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்துக்கு முந்தைய நாள் எல்லாரும் வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனால்? புயல் எச்சரிக்கை வந்தாலே பங்க் வாசலில் வரிசை கட்டுவது நம் வழக்கம். தொட்டி காலியாகிறது, லாரி வர வழியில்லை, நிலத்தடி நீர் ஏறுகிறது. தொட்டியைக் கான்கிரீட் படுகையோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தால் தப்பித்தது. கட்டியது துருப்பிடித்திருந்தால் தொட்டி சற்றே எழும்பும், இணைப்புக் குழாய்கள் விடுபடும்.

எழும்பாவிட்டாலும் நிரப்பு வாயின் மூடி இறுக்கமாக இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகும். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, தண்ணீர் அடியில் தங்கப் பெட்ரோல் மேலே வரும். நிறைந்து வழிந்தால் முதலில் வழிவது பெட்ரோல்தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பதால் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய் உட்காரும். மழைக்கு மறுநாள் ஒரே பங்க்கில் போட்ட வண்டிகள் எல்லாம் வழியில் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வண்டி நிற்பது எரிச்சல். தொட்டிக்குள் தண்ணீர் போக வழி இருக்கிறது என்றால், தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியே வரவும் வழி இருக்கலாம் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அந்தக் கசிவு ஓசையில்லாதது. அமெரிக்காவில் 1980-களில் இதைத் தேட ஆரம்பித்தார்கள். வெறும் இரும்பில் செய்து புதைத்த தொட்டிகள் துருப்பிடித்து நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. 1988-இல் விதி வகுத்து, பழைய தொட்டிகளைச் சரிசெய்யவோ மாற்றவோ 10 ஆண்டு கெடு கொடுத்தார்கள். அன்றிலிருந்து அங்கே உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். நம் பங்க்குகளில் தினமும் டிப் அளந்து, விற்றதோடு ஒப்பிட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். சிறு குறைவு வந்தால் ஆவியாகப் போனது என்று எழுதும் பழக்கம் உண்டு, அப்படிக் கொஞ்சம் போவதும் உண்மை. மெல்லக் கசியும் தொட்டிக்கு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு எரிபொருள் கலந்து வந்தது. அங்கே காரணம் பங்க் இல்லை, நிலத்தடியில் போன எண்ணெய்க் குழாய். ஆனால் மோட்டார் போட்டு நிலத்தடி நீரை இறைக்கும் நகரத்தில், மண்ணுக்குள் எரிபொருள் கசிந்தால் முதலில் கண்டுபிடிப்பது அதிகாரி இல்லை, தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்காரர் என்பதை அது காட்டியது.

செல்போனும் மற்றவையும்

செல்போன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பங்க்கில் செல்போனால் தீப்பிடித்தது என்று பரவும் காணொளிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நிலைமின்சாரம். உடலில் சேர்ந்த மின்னூட்டம், நாசிலையோ டேங்க் மூடியையோ தொடும்போது பொறியாகப் பாய்கிறது. குளிரும் வறட்சியும் உள்ள நாடுகளில் இது அதிகம், நம் கடலோர ஈரப்பதத்தில் குறைவு. இன்றைக்கு 'செல்போன் பயன்படுத்தாதீர்' என்ற பலகைக்குக் கீழேயே பணம் அனுப்பும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. எதை நம்புவது என்று வாடிக்கையாளர் குழம்ப வேண்டியதில்லை. போனைவிட, பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வாங்குவது பல மடங்கு மோசம். பிளாஸ்டிக்கில் சேரும் மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியே இல்லை.

அங்கே வேலை செய்பவர்களின் கதை தனி. வாடிக்கையாளர் இரண்டு நிமிடம் சுவாசிக்கும் ஆவியை அவர்கள் எட்டு, பத்து மணி நேரம் சுவாசிக்கிறார்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. பிஎஸ் 6 தரத்தில் அதன் அளவு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆவி மீட்பு அமைப்பு உண்மையில் இவர்களுக்குத்தான் முதலில் தேவை. அதைக் கட்டாயமாக்குவது குறித்த வழக்கு சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. பங்க்குகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்ற நிபந்தனை 2023-இல் அங்கே நிற்கவில்லை. ஆவி மீட்பு அமைப்பு வேண்டும் என்பது நின்றது.

இதற்கிடையே பங்க் என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலுக்காக வரைந்த மனையில் இப்போது சிஎன்ஜியும் வருகிறது, மின் வாகனச் சார்ஜரும் வருகிறது. சிஎன்ஜி காற்றைவிட இலேசு, கசிந்தால் மேலே போகும். பெட்ரோல் ஆவியோ கீழே தவழும். ஒன்றுக்குக் கூரையில் காற்றோட்டம் வேண்டும், மற்றொன்றுக்குத் தரையில். சிஎன்ஜி 200 பார் அழுத்தத்துக்கும் மேலே அடைக்கப்படுவதால் வண்டியிலிருந்து எல்லாரும் இறங்கி நிற்க வேண்டும். குழந்தை தூங்குகிறது என்று உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப ஊழியருக்குத் துணிச்சல் வேண்டும். சார்ஜர் சாதாரண மின்சாதனம், அதை ஆவி சேரும் எல்லைக்கு வெளியேதான் வைக்க வேண்டும். சிறிய மனையில் 'வெளியே' என்பது எங்கே என்பதுதான் கேள்வி.

பங்க்குக்கு வரும் வழியும் இதில் சேர்த்திதான். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சினார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், உயிரிழப்பு இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர்-அஜ்மீர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்குக்கு அருகே திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர் மீது லாரி மோதியது. அங்கே பொறி கிடைத்தது. 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் திட்டமிடலுக்குப் பெரிய பங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது.

யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஒரு பங்க் திறக்க மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். 2002-ஆம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளில் 144-ஆவது விதி இதைச் சொல்கிறது. காவல், தீயணைப்பு, வருவாய், நெடுஞ்சாலை, உள்ளாட்சி என்று எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறார்கள். இடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள், சுற்றி என்ன இருக்கிறது என்று வரைபடம் வரைகிறார்கள். ஒரு பங்க்கின் ஆயுளில் வேலிக்கு வெளியே இருப்பதை அரசு இவ்வளவு அக்கறையோடு பார்ப்பது அந்த ஒரே ஒரு முறைதான்.

அதன்பின் வெடிபொருள் நிறுவனம் தரும் உரிமம் 10 ஆண்டு வரை செல்லும். புதுப்பிக்கும்போது கேட்பது, அங்கீகரித்த வரைபடத்தில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்பது. தொட்டியை நகர்த்தவில்லை, புது இயந்திரம் வைக்கவில்லை என்றால் பங்க்காரர் உண்மையாகவே 'இல்லை' என்று எழுதலாம். மதிலுக்கு அப்பால் ஒன்பது மாடி எழுந்திருப்பது அவர் செய்த மாற்றம் அல்லவே.

சரி, சூழ்நிலை மாறிவிட்டது என்று ஆட்சியரிடம் முறையிட்டுத் தடையில்லாச் சான்றை ரத்து செய்யச் சொல்லலாமா? 150-ஆவது விதி ரத்து செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. அதில் எழுதியிருக்கும் காரணம், உரிமம் பெற்றவருக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை போய்விட்டது என்று அதிகாரி திருப்தியடைவது. குத்தகை முடிந்தால் ரத்து செய்யலாம். அதனால்தான் பங்க்குகள் தொடர்பாக இந்த விதியின் கீழ் நீதிமன்றம் போகும் வழக்குகளில் நில உரிமையாளரும் குத்தகைதாரரும் மோதிக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பக்கத்தில் பள்ளி வந்துவிட்டது, சாலை மூன்றடி உயர்ந்துவிட்டது, கூரையின் தூண் துருப்பிடித்துவிட்டது என்பவை அந்த விதியில் காரணங்களாக இல்லை. புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு, மனையைச் சுற்றி 100 மீட்டருக்கு இன்றைய நிலவரப்படி வரைந்த ஒரு படத்தையும், சாலை மட்டத்துக்கும் நிரப்பு வாய்க்கும் உள்ள உயர வித்தியாசத்தையும், கூரைக்கு ஒரு பொறியாளரின் சான்றையும் கேட்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்.